கேட்பதற்கு ஒன்று, அச்சடிப்பதற்கு ஒன்று

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு ஆளாளுக்கு அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். மனுஷன் குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். ஒன்றே ஒன்றுதான். செய்த தப்பை 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டார். இரண்டாவது நிறுத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. இறங்கலாமே என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஊரைத் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டது. ஆள் அரவம் இல்லாத அந்தப் பொட்டலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவர் அப்போது ஓர் அச்சகத்தில் பாடப்புத்தகங்களுக்கு அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தார். சினிமாப் பாட்டு பதிகிற ஸ்டுடியோவுக்குள் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது என் அண்ணன்தான். அண்ணன் கிளாரினெட் வாசிப்பவர். முப்பத்தோரு வருஷம் ஒரே இசையமைப்பாளரிடம், ஒரே நாற்காலியில். அங்கே நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், என் தங்கச்சி வீட்டுக்காரர் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அண்ணன் சொல்லி, ஐந்து கோட்டையும் புள்ளிகளையும் அவரே ஆறு மாசம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, அந்த இடத்தில் இவரை உட்காரவைத்தார். நாங்கள் சாப்பிடுகிற சோறு அண்ணன் வாங்கிக்கொடுத்தது. இதை மறக்காமல் மேலே கேளுங்கள்.

வேலை இதுதான். இசையமைப்பாளர் கீபோர்டில் ஒரு மெட்டை வாசித்து அனுப்புவார். அதில் வயலினுக்கு எது, செல்லோவுக்கு எது, கிளாரினெட்டுக்கு எது என்று பிரித்து எழுதி, வாசிப்பவர்களுக்கு ஆளுக்கொரு தாளாகக் கொடுக்கவேண்டும். முதலில் கையால் எழுதினார், பிறகு கம்ப்யூட்டரில். அச்சடிப்பது, வெட்டுவது, பாதிப் பாட்டில் பக்கம் திருப்பவேண்டிய அவசியம் வராதபடி தாள்களை நீளமாக டேப் போட்டு ஒட்டுவது, பதிவு அன்றைக்குப் போய் ஸ்டாண்டுகளில் வைப்பது, இதெல்லாம் என் வேலை. வாசிக்கத் தெரியாதே தவிர எனக்கும் நோட்ஸ் படிக்கத் தெரியும். அப்பா அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

எழுதியது எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் பொம்மைக் கடையில் விற்கிற கீபோர்டு மாதிரி இருக்கும். ஸ்வரம் சரியா என்று பார்க்கத்தான் அது. மிச்சத்தை மனசில் கற்பனை செய்துகொள்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இசையமைப்பாளருக்கு அது போதவில்லை. படம் எடுப்பவர்கள் பதிவுக்கு முன்பே முழுப்பாட்டையும் கேட்கவேண்டும் என்கிறார்கள், நிஜ வாத்தியம் மாதிரியே கம்ப்யூட்டர் வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். யாரோ நிஜமாக வாசித்ததை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்து விற்கிறார்களாம். அதை வாங்கி நோட்ஸ் எழுதுகிற மென்பொருளோடு இணைத்துவிட்டால், எழுதியதை அந்த நிஜச் சத்தத்தில் வாசிக்குமாம்.

இணைப்பதற்குள் ஆறு வாரம் போய்விட்டது. எந்த வரிக்கு எந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். வயலினுக்கு வில் போடு என்றால் விரலால் மீட்டும். புல்லாங்குழலில் ஒரு தாலாட்டு மெட்டு எழுதிவிட்டுப் பெருமையாக என்னைக் கூப்பிட்டு ஓடவிட்டார், அது முழுக்க டிரம்மில் டமடமவென்று வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. சேனலை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்றார். கம்ப்யூட்டர் வாங்கி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது.

எல்லாம் ஒருவழியாகச் சரியாக வந்தது, கிளாரினெட்டைத் தவிர. காசு கொடுத்து வாங்கிய கிளாரினெட் வாத்து கத்துகிற மாதிரி இருந்தது. அத்தனை வருஷம் என் அண்ணனைக் கேட்டுப் பழகிய இசையமைப்பாளர் காதில் அதை எப்படி ஏற்றுவது? இவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் வந்து ஊதித் தாருங்கள் மச்சான், உங்கள் சத்தத்தையே உள்ளே வைத்துவிடலாம் என்று கேட்டார். அண்ணன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. தங்கச்சி வீடுதானே என்று மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

எங்கள் உள் அறையில் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜையும் நிறுத்தி, மைக்கை வைத்தார்கள். பால் இரண்டு தடவை திரிந்துபோனது. அடி ஸ்வரத்திலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, நீட்டி, வெட்டி என்று அண்ணன் ஊதினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு தடவை மச்சான் என்பார் இவர். அண்ணன் மறுபடியும் ஊதுவார். எட்டு நாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த எட்டு நாளும் வீடு கலகலவென்று இருந்தது.

அப்புறம் இவர் வெட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அண்ணன் மூச்சை இழுக்கிற சத்தம் இருக்கும் இல்லையா, அதையெல்லாம் வெட்டி எறிந்தார். நீட்டி ஊதிய ஸ்வரங்களில் நடுவில் ஒரு துண்டை எடுத்து, முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் தெரியாமல் ஒட்டி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும்படி செய்தார். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தோம். அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நானா இவ்வளவு நன்றாக வாசிக்கிறேன் என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஊதுகிறவர்களுக்கு எழுதும்போது எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்று கோட்டுக்கு மேலே ஒரு சின்னக் காற்புள்ளி போடுவார்கள். நீளமான மெட்டாக இருந்தால் நடுவில் நாலு பார், அதாவது நாலு தாளக் கட்டம், அதை செல்லோவிடம் கொடுத்துவிட்டு, ஊதுகிறவருக்கு ஓய்வு கொடுப்பார்கள். இதெல்லாம் இவருக்கு அண்ணனே சொல்லிக்கொடுத்தது. ஆனால் புதுச் சத்தம் வந்த பிறகு அந்தக் காற்புள்ளி தொந்தரவாகிவிட்டது. அதைப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஒரு நொடி நிற்கும். அந்த இடம் விக்கல் மாதிரி இருக்கிறது, எடுத்துவிடு என்றார் இசையமைப்பாளர். அதனால் இவர் எல்லாவற்றையும் இரண்டாக வைத்துக்கொண்டார். கேட்பதற்கு ஒன்று, அச்சடிப்பதற்கு ஒன்று. கேட்பதில் மூச்சும் கிடையாது, ஓய்வும் கிடையாது, ஒரே இழுப்பு. அச்சடிப்பதில் மனுஷன் வாசிக்கிற மாதிரி எல்லாம் இருக்கும். ஒரு வருஷம் ஒரு குழப்பமும் வரவில்லை.

பிறகு ஒரு பாட்டில் குழப்பம் வந்தது. கிளாரினெட் தனியாக வாசிக்கிற மெதுவான பதினாறு பார். மூன்று வாரமாக இசையமைப்பாளர் கம்ப்யூட்டர் வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதில் மயங்கிக் கிடந்தார். பதிவுக்கு முதல் நாள் இவர் அவசரத்தில் கேட்பதற்கு வைத்திருந்ததை அச்சுக்கு அனுப்பிவிட்டார். வந்த தாளை வெட்டி ஒட்டியவள் நான். என்னடா இது, ஓர் இடைவெளிகூட இல்லாமல் கருப்பாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் எனக்கும் பட்டது. நாற்பது செட் ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டினேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் நாற்பது பேர். தாள்களை வைத்துவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இசையமைப்பாளர் இருக்கிற அறையில், இவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்தார். வரி மேலே விரலை வைத்து மெதுவாகக் கடைசி வரைக்கும் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியாக எங்கள் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன்.

வாசிக்க ஆரம்பித்தார். ஐந்தாவது பாரில் மூச்சு எடுத்தார். வேறு என்ன செய்வார்? இசையமைப்பாளர் நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை அழுத்தினார்.

"அண்ணே, நடுவுல வெட்டுதே. நம்மகிட்ட இருக்கறதுல வெட்டலையே."

"மூச்சு எடுக்கணும் சார்."

"பேப்பர்ல அப்படியா எழுதியிருக்கு?"

அண்ணன் தாளைப் பார்த்தார், மறுபடியும் எங்கள் பக்கம் பார்த்தார். இசையமைப்பாளர் இவர் பக்கம் திரும்பி, பேப்பர் சரிதானே என்று கேட்டார்.

"சரிதான் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஏழு தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் மூச்சை எங்கேயாவது திருட்டுத்தனமாக எடுக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இசையமைப்பாளர் காதில் அது மாட்டிக்கொண்டது. மூன்று வாரமாக ஒட்டுப்போட்டதைக் கேட்ட காது. ஏழாவது தடவை அண்ணன் எட்டு பார் வரைக்கும் ஒரே மூச்சில் இழுத்தார். ஒன்பதாவதில் ஸ்வரம் ஆடியது, கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. வயலின்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இசையமைப்பாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "போதும்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்று அவ்வளவு தன்மையாகச் சொன்னார். பிறகு ஒலிப்பதிவு செய்கிற பெண்ணிடம், கம்ப்யூட்டரில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். படத்தில் வந்தது அதுதான். என் அண்ணன் எங்கள் வீட்டு உள் அறையில் வியர்க்க வியர்க்க ஊதிக்கொடுத்த அதே சத்தம்.

இந்த மாதிரி சமாச்சாரத்துக்குக் கால் முளைக்கக் கேட்கவா வேண்டும். கிளாரினெட்காரருக்கு மூச்சு விட்டுப்போய்விட்டதாம் என்று எல்லா ஸ்டுடியோவிலும் பேச்சு. மூன்று மாசத்தில் அண்ணனைக் கூப்பிடுவது நின்றுபோனது. அவருடைய நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அண்ணி பயந்துபோய் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே படமெல்லாம் எடுத்துப் பார்த்தாள். இந்த வயசில் இப்படி ஒரு நுரையீரலை நான் பார்த்ததே இல்லை என்றாராம் டாக்டர். அப்புறம் என்னதான் ஆயிற்று என்று அண்ணி என்னிடம் போனில் அழுதாள். அண்ணனைக் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார் என்றாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வயசுதான் என்று நானும் நினைத்தேன். என் அண்ணனைப் பற்றி நானே அப்படி நினைத்தேன் பாருங்கள்.

படம் வந்த பிறகு, எல்லா நோட்ஸையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். இவர் மை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் தேடினேன். இரண்டும் இருந்தன. அச்சடிப்பதற்கென்று வைத்திருந்ததைத் திறந்தேன். கிளாரினெட் வரியில் இரண்டு பாருக்கு ஒரு காற்புள்ளி. ஐந்தாவது பாரிலிருந்து நாலு பார் மெட்டு செல்லோவுக்குப் போகிறது, கிளாரினெட்டுக்கு ஓய்வு. இப்படி ஒரு தாளை நான் ஒட்டவே இல்லை.

இவர் மைப் பெட்டியோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்கே தெரியும்," என்றார். "மச்சான் நிமிர்ந்து பாத்தாரே, அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல? ஒரு நிமிஷத்துல வேற தாள் அடிச்சுக் குடுத்திருக்கலாமே."

"எல்லாரும் இருந்தாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் கேட்டதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. அந்த எல்லோர் முன்னாலும்தான் என் அண்ணன் மூச்சுத் திணறினார் என்று கத்தினேன். மனுஷன் மைப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். திங்கட்கிழமை போய் இசையமைப்பாளரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். திங்கட்கிழமை இவருக்குத் தலைவலி. அடுத்த திங்கட்கிழமை இசையமைப்பாளர் கோபமாக இருந்தாராம். அதற்கடுத்த திங்கட்கிழமை வெளியூர் போய்விட்டாராம். நானே போய்ச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். நீ சொன்னால் என் வேலை போய்விடும், போனால் இந்த வயசில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றார். வாசல்வரை போன நான் நின்றுவிட்டேன். அவரை மட்டும் சொல்வானேன். செருப்பைக் கழற்றியது நான்தானே.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. சரி, இசையமைப்பாளரிடம் வேண்டாம், என் அண்ணனிடமாவது சொல்லுங்கள், மூச்சில் ஒரு கோளாறும் இல்லை, தாள்தான் தப்பு, தாளை அடித்தது நான் என்று அவரிடமாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்றேன். அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் சரி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பிப் போனோம்.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வாங்க மாப்ள என்று எழுந்து தன் நாற்காலியையே இவருக்குக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். நான் காபி போடுகிற சாக்கில் சமையலறையில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். இவர் மழையைப் பற்றிப் பேசினார். ஸ்டுடியோவில் ஏசி கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினார். அண்ணன் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். கொண்டுபோய்க் காபியை வைத்துவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சான், உங்களிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். முன்னால் குனிந்து இவர் முகத்தையே பார்த்தார்.

இவர் வாய் திறந்தது, மூடியது.

"கம்ப்யூட்டர்ல இருக்கற உங்க கீழ் ஸ்வரம் நாலஞ்சு மட்டும் கொஞ்சம் கரகரன்னு வருது மச்சான்," என்றார். "இன்னொரு தடவை வந்து ஊதிக் குடுத்தீங்கன்னா மாத்திடலாம்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கென்ன மாப்ள. சனிக்கிழமை வரேன்."

இவர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வண்டியை எடுக்கிறேன் என்று வெளியே ஓடினார். அவர் தலை மறைந்ததும் நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு தாள், மாற்றி அடித்தது, ஒட்டும்போதே எனக்குத் தோன்றியது, நீ ஏமாந்துவிட்டாய் அண்ணா, உன் மூச்சுக்கு ஒன்றும் இல்லை என்று அழுதேன். அண்ணன் என் தலையில் கை வைத்தார்.

"தெரியும்மா. தாளைக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. அவருக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவன் நான்தானே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அவர் வேலை போயிடும். அவரே சொன்னா, கைதவறிப் போச்சுன்னு சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. ஏழு தடவை வாசிச்சேன்ல, ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லுவாருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வெளியே இவர் வண்டியைக் கிளப்பிவிட்டு என்னைக் கூப்பிட ஹாரன் அடித்தார். அண்ணன் ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்கும் அதான் பாத்தேன்," என்றார்.